டேப் ஒட்டிய மறுநாளே நுனி கிளம்பி நிற்கிறது: 50 மைக்ரான் வாங்கினால் சரியாகுமா?

கேள்வி

வணக்கம். ஆன்லைன் ஆர்டர்களை 40×30×25 செ.மீ அளவுள்ள 5 பிளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டியில் அனுப்புகிறோம். எடை 11, 12 கிலோ வரை வரும். 48 மி.மீ அகலம், 40 மைக்ரான் தடிமன், டிரான்ஸ்பரன்ட் டேப். மேலே ஒன்று, அடியில் ஒன்று, நடு இணைப்பில் மட்டும். மறுநாள் காலையில் டேப்பின் இரண்டு நுனியும் கிளம்பி நிற்கின்றன. சில பெட்டிகள் போய்ச் சேரும்போது அடிப்பக்கம் பிளந்திருக்கிறது. 50 மைக்ரானுக்கு மாறலாமா? பிரவுன் டேப் இன்னும் நன்றாகப் பிடிக்குமா?

பதில் 1

நிறத்துக்கும் பிடிப்புக்கும் சம்பந்தம் இல்லை. மைக்ரானை ஏற்றுவதற்கு முன், கிளம்பிய நுனியைப் பிடித்து இன்னும் ஒரு சாண் உரியுங்கள். பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

அட்டையின் நார் படலமாக ஒட்டிக்கொண்டு வந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு பெட்டியிலோ பாரத்திலோ இருக்கிறது. பசை இரண்டு பக்கமும் பிரிந்து நூல் நூலாக இழுபட்டால் சூட்டில் இளகியிருக்கிறது. பளபளப்பு குறையாமல் வெறும் தூசியோடு வந்தால், அது அட்டையில் ஒட்டவே இல்லை.

உங்களுக்கு எது? பசை எந்த வகை, ஒட்டி எவ்வளவு நேரத்தில் வண்டி ஏறுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

மூன்றாவதுதான். நார் ஒன்றுகூட இல்லை, பழுப்புப் பொடி மட்டும் படிந்திருக்கிறது. பெட்டி மறுசுழற்சி காகிதத்தில் செய்தது. டேப் வாட்டர் பேஸ்டு அக்ரிலிக். ஒட்டி அரை மணி நேரத்தில் லோடு ஏறிவிடும்.

பதில் 2

அப்படியானால் 50 மைக்ரான் வாங்கினாலும் இதே கதைதான். தடித்த ஃபிலிம் (டேப்பின் பிளாஸ்டிக் தாள்) கிழியாமல் தாங்கும், ஆனால் உங்கள் டேப் கிழியவில்லையே, உரிகிறது. இன்னொன்று: மைக்ரான் என்று ரோலில் போட்டிருப்பது பெரும்பாலும் ஃபிலிமும் பசையும் சேர்ந்த கணக்கு. ஒரு 40 மைக்ரான் டேப்பில் ஃபிலிம் 23, பசை 17 இருக்கலாம். இன்னொன்றில் ஃபிலிம் 26, பசை 14. இரண்டின் பிடிப்பும் ஒன்றாக இருக்காது. வாங்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அக்ரிலிக் பசை மெதுவாகத்தான் பிடிக்கும், முழுப் பிடிப்பு வர ஒரு நாள்கூட ஆகலாம். வெயில், வெளிச்சம், நீண்ட நாள் இருப்பு ஆகியவற்றைத் தாங்குவதில் அது கெட்டி. ஆனால் மறுசுழற்சி அட்டையில் நார்கள் குட்டையாகவும் மேற்பரப்பு பொடியாகவும் இருக்கும். அதில் ஒட்டி அரை மணியில் குலுக்கத் தொடங்கினால் அக்ரிலிக்குக்கு நேரமே கிடைப்பதில்லை. உங்கள் வேலைக்கு ஹாட்மெல்ட் (உருக்கிப் பூசிய) பசை டேப்தான் சரி, வைத்து அழுத்தியவுடன் பிடிக்கும். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: கடும் சூட்டில் இளகும், வெயில் பட்டால் மஞ்சளாகிக் காயும். தகரக் கூரைக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கப்போகும் சரக்குக்கு அக்ரிலிக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் கையையும் கவனியுங்கள். டேப் கன்னில் (டேப் ஒட்டும் கைக்கருவி) ரோல் சுழல்வதைத் தடுக்கும் பிரேக் திருகு இறுக்கமாக இருந்தால் ஃபிலிம் நீண்டு இழுபட்டபடி ஒட்டும், பிறகு சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பு முழுவதும் நுனியில்தான் வந்து விழும். திருகைத் தளர்த்துங்கள். ஒட்டும் கோட்டை உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். பக்கவாட்டில் 6 செ.மீ இறக்கி ஒட்டுங்கள். பிறகு உள்ளங்கையால் நடுவிலிருந்து இரு நுனிக்கும் அழுத்தித் தேயுங்கள். அழுத்தினால்தான் பிடிக்கும் பசை இது, மேலே வைத்துவிட்டால் மட்டும் போதாது.

பதில் 3

அடி பிளப்பதற்கு இன்னொரு காரணம், 12 கிலோவுக்கு ஒற்றை ஓட்டு (நடு இணைப்பில் ஒரே ஒரு டேப்) போதவில்லை. நடு இணைப்போடு, இரண்டு பக்க விளிம்பிலும் குறுக்கே ஒட்டி H வடிவமாக்குங்கள். டேப் கணக்கு இப்படி: ஒற்றை ஓட்டுக்கு 40 + 6 + 6 = 52 செ.மீ, மேலும் கீழும் சேர்த்து 104. 65 மீட்டர் ரோலில் 62 பெட்டி. முழு H என்றால் 30 செ.மீ விளிம்புக்கு மூலை மடிப்போடு 40 செ.மீ வீதம் நான்கு துண்டு கூடும். மொத்தம் 264 செ.மீ, ரோலுக்கு 24 பெட்டிதான். அதனால் அடியில் மட்டும் H, மேலே ஒற்றை ஓட்டு என்று வைத்தால் 184 செ.மீ, ரோலுக்கு 35 பெட்டி. அல்லது அடிக்கு மட்டும் 72 மி.மீ டேப்.

உள்ளே காலி இடம் விட்டிருந்தால் மேல் மூடி அமுங்கி அமுங்கி டேப் விட்டுப்போகும். திணித்திருந்தால் மூடி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் எந்த டேப்பும் ஈடு கொடுக்காது.

கேட்டவர்

தண்ணீர் தொட்டு ஒட்டும் கிராஃப்ட் பேப்பர் டேப் நல்லதா? முகவரி லேபிள் மேலேயும் டேப் ஓட்டுகிறோம், அது பரவாயில்லையா?

பதில் 2

பேப்பர் டேப்பில் இருப்பது ஸ்டார்ச் பசை. அட்டைக்குள் ஊறி இறங்குவதால் பொடி அட்டையிலும் நன்றாகப் பிடிக்கும். யாராவது பிரித்தால் அட்டையும் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். 12 கிலோவுக்கு நடுவில் நார் இழை ஓடும் வகையை எடுங்கள். ஆனால் தண்ணீரை அளவாகத் தடவும் டிஸ்பென்சர் கட்டாயம் வேண்டும். தண்ணீர் குறைந்தால் ஒட்டாது, அதிகமானால் பசை வழிந்துபோய் டேப் வழுக்கும்.

பார்கோடு மேல் டேப் ஓட்டாதீர்கள். பளபளப்பில் ஸ்கேனர் தடுமாறும். தெர்மல் பிரின்ட் (மை இல்லாமல் சூட்டால் எழுத்து வரும்) லேபிள் என்றால் சில பசைகள் எழுத்தையே மங்கவைத்துவிடும்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஹாட்மெல்ட்டில் ஒரு ரோல் மட்டும் எடுத்து, உங்கள் பெட்டிகள் பத்தில் ஒட்டுங்கள். 10 நிமிடம் கழித்து ஐந்தையும் மறுநாள் ஐந்தையும் உரித்துப் பாருங்கள். மறுநாள் உரிக்கும் ஐந்தைக் கோடவுனிலேயே அதிகம் சூடேறும் மூலையில் வையுங்கள். பத்திலும் நார் ஒட்டிக்கொண்டு வந்தால் ஆர்டர் போடலாம்.