அயர்லாந்து கிராமப்புறங்களில் பத்து இரவு கார்ப் பயணம்: இந்த வழி சரியாக வருமா?

கோ.புதூர்க்காரன், மதுரை:

அனைவருக்கும் வணக்கம். அழகர் ஆற்றில் இறங்கி, சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மே மாத நடுவில் குடும்பத்தோடு அயர்லாந்துக்குச் சென்று, நகரங்களைவிடக் கிராமப்புறங்களையே காரில் சுற்றிப் பார்த்துவரத் திட்டமிட்டிருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகள், எழுபதை நெருங்கும் என் பெற்றோர் என ஐந்து பேர். பெற்றோர் சுத்த சைவம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதாலும், கொடைக்கானல், மூணாறு மலைப்பாதைகளில் ஓட்டிப் பழகியவன் என்பதாலும் காரை நானே ஓட்டுவதாக இருக்கிறேன்.

டப்ளினில் இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு வடக்கே பெல்பாஸ்ட், ஜயன்ட்ஸ் காஸ்வே, டெரி, அங்கிருந்து மேற்குக் கரையோரமாக டொனிகால், ஸ்லைகோ, கால்வே, மோஹர் செங்குத்துப் பாறைகள், கில்லார்னி, பிறகு கார்க், கில்கென்னி வழியாக மீண்டும் டப்ளின் என்று தீவை ஒரு வட்டம் அடிக்கும் வழியை வரைந்திருக்கிறேன். ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் ஒரு புதிய ஊரில் தங்கல். கூட்டிப் பார்த்தால், நாளொன்றுக்கு மதுரையிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பும் தூரம்கூட வரவில்லை. இது நடைமுறைக்கு ஒத்துவருமா, காகிதங்கள் எவை தேவை, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேலூர்ப் பெண், லிமரிக்:

வணக்கம் அண்ணா. சொந்த ஊர் மேலூர். இங்கே லிமரிக்கில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நீங்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் அதை மணிக்கணக்கில்தான் எண்ண வேண்டும். டப்ளினிலிருந்து கார்க், லிமரிக், கால்வே நகரங்களுக்குச் செல்லும் மோட்டார்வேக்களில் 120 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி உண்டு. அங்கே உங்கள் கணக்கு பொய்க்காது. ஆனால் நீங்கள் பார்க்க விரும்பும் மேற்குக் கரையோரத்தில், கற்சுவரும் புதர்வேலியும் பக்கக் கண்ணாடியை உரசும் அளவுக்கு இருபுறமும் நெருங்கி நிற்க, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் இருவரில் ஒருவர் சற்று அகன்ற இடம் வரை பின்னோக்கி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ள சாலைகளே மிகுதி. கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளுக்கு இருந்த 80 கிலோமீட்டர் வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். பல வளைவுகளில் அந்த வேகத்தையே எட்ட முடியாது. கைபேசி காட்டும் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். நடுச்சாலையில் படுத்திருக்கும் ஆடுகளுக்கும், அப்பா அவ்வப்போது இறங்கிக் காலை நீட்டிக்கொள்வதற்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஓட்டிய அனுபவம் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் வளைவுதோறும் ஹாரன் அடித்துப் பழகிய கையை மட்டும் அடக்கிவைக்க வேண்டும். இங்கே ஹாரன் ஆபத்தை எச்சரிக்க மட்டுமே. வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினால் நன்றி சொன்னதாகும்.

வடக்கை முழுவதுமாக விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. பெல்பாஸ்ட், டெரி, ஜயன்ட்ஸ் காஸ்வே மூன்றும் பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில் இருக்கின்றன. எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லாததால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு வெறும் அயர்லாந்து விசா அங்கே செல்லாது, விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டன், அயர்லாந்து இரண்டுக்கும் பொதுவான விசாத் திட்டம்) என்ற குறிப்போ, தனியே பிரிட்டன் விசாவோ இருந்தாக வேண்டும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் அயர்லாந்து ஒன்று அல்ல என்பதால் ஷெங்கன் விசா எடுத்தாலும் பயனில்லை. காஸ்வே பார்க்கத் தகுந்த இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக மேற்கே இரண்டு முழு நாட்களை இழப்பீர்கள்.

என் யோசனை இது. இந்தியாவிலிருந்து டப்ளினுக்கு நேரடி விமானம் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ மாறி, தூக்கம் கெட்டு வந்திறங்கும் அன்று ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. முதல் இரண்டு இரவுகள் கார் இல்லாமல் டப்ளினில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் காரை எடுத்து, எம்8 மோட்டார்வேயில் தெற்கே வந்து, சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் நிற்கும் இடைக்காலக் கட்டடங்களான காஷெல் பாறையைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் கில்லார்னி சேருங்கள். அங்கே சமையலறையுள்ள வீடு ஒன்றை மூன்று இரவுகளுக்கு எடுங்கள். 1932இல் உருவான நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஊரை ஒட்டியே இருக்கிறது. மக்ரோஸ் மாளிகைத் தோட்டத்தில் சமதளப் பாதைகள் இருப்பதால் அப்பாவுக்கும் சிரமம் இராது. அங்கிருந்து வடக்கே வரும்போது லிமரிக்கைச் சுற்றாமல், டார்பர்ட்டில் காரோடு படகில் ஏறிவிடுங்கள். ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தை இருபது நிமிடத்தில் கடந்து கில்லிமரில் இறக்கிவிடுவார்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சமாகும். மகளுக்கு அந்தப் படகே பெரிய வேடிக்கையாக இருக்கும். மோஹர் பாறைகள் உள்ள கிளேர் மாவட்டத்தில் இரண்டு இரவுகள், கால்வேக்கு மேற்கே உள்ள கானமாராவில் இரண்டு இரவுகள், கடைசி இரவு டப்ளின் விமான நிலையத்துக்கு அருகில்.

திருநகர் ஓய்வூதியர்:

தங்கை சொன்ன வழியையே நானும் வழிமொழிகிறேன். என் மகள் கார்க் நகரில் இருப்பதால் அந்தப் பகுதி எனக்கு ஓரளவு பழக்கம். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சுற்றுலாவாக வருபவர் தம் நாட்டின் செல்லுபடியாகும் உரிமத்தோடு அங்கே ஓட்டலாம். இருந்தாலும் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, வாடகை நிறுவனங்கள் கேட்பதுண்டு. அதைவிட முக்கியமானது கடன் அட்டை. பெரும்பாலான வாடகை நிறுவனங்கள், யார் ஓட்டப்போகிறாரோ அவர் பெயரிலேயே உள்ள கடன் அட்டையைக் கேட்கும். டெபிட் அட்டையை ஏற்காத இடங்கள் பல. அடிப்படைக் காப்பீட்டை மட்டும் எடுத்தால், சேதத்துக்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டிய தொகையாக ஆயிரக்கணக்கான யூரோவை அட்டையில் முடக்கி வைப்பார்கள். அட்டையின் வரம்பு அதைத் தாங்குமா, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்பதை மதுரையிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வரம்பு போதாமல் வாடகைக் கவுன்டரிலேயே அரை நாளை இழந்தது. முழுக் காப்பீடு விலை கூடுதல்தான். அந்தக் கற்சுவர்களைப் பார்த்த பிறகு அதை வீண்செலவு என்று சொல்லமாட்டேன்.

ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் ஏழு இருக்கை வண்டியைத்தான் மனம் நாடும். ஆனால் வண்டி அகலமாக ஆக, ஒடுங்கிய சாலையில் உங்கள் வியர்வையும் கூடும். ஆளுக்கொரு சிறிய பெட்டி என்று கண்டிப்பாகக் குறைத்துக்கொண்டு, பின்புறம் நீண்ட ஸ்டேஷன் வேகன் வகைக் காரை எடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமானால் இப்போதே பதிவு செய்யுங்கள். கியர் போடும் வண்டிகளே அங்கு மலிவாகக் கிடைப்பவை. குழந்தையின் உயரம் 150 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும் என்பதால் அதற்குரிய இருக்கை சட்டப்படி கட்டாயம். அதையும் பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பாலோ இறைச்சியோ கலந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு அந்தத் தடை இல்லை.

கோ.புதூர்க்காரன், மதுரை:

தங்கைக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. வடக்கை விட்டுவிட்டோம், அப்பாவுக்குத்தான் சற்று வருத்தம். கில்லார்னியில் மூன்று இரவுகள் என்றால் முழுதாகச் சுற்றக் கிடைப்பது இரண்டு நாட்கள். ஒரு நாள் பூங்காவுக்கு என்று வைத்துவிட்டால், மற்றொரு நாளில் ரிங் ஆஃப் கெரி, டிங்கிள் தீபகற்பம் ஆகிய இரண்டில் எதைத் தேர்வது? டப்ளினைச் சுற்றிச் செல்லும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே இல்லாமல் கட்டணம் வாங்குவதாகப் படித்தேன், அது எப்படி?

வத்தலக்குண்டு வாசகர்:

தயங்காமல் டிங்கிள் என்று சொல்வேன். ரிங் ஆஃப் கெரி 179 கிலோமீட்டர் வட்டம். நிறுத்தங்களோடு ஒரு முழு நாளை விழுங்கிவிடும். சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வரிசையாகச் செல்லும். அதே திசையில் போனால் அவற்றின் பின்னால் ஊர்வீர்கள். மாற்றுத் திசையில் போனால் ஒடுங்கிய வளைவில் அவற்றை நேருக்கு நேர் சந்திப்பீர்கள். டிங்கிளில் ஸ்லே ஹெட் சுற்று 50 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இதைக் கடிகாரத் திசையில்தான் சுற்ற வேண்டும். கடலில் தெரியும் பிளாஸ்கெட் தீவின் கடைசி மக்கள் 1953இல் கரைக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். அந்த வாழ்வை விளக்கும் அருங்காட்சியகம் கரையிலேயே இருக்கிறது. சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே கட்டிய காலரஸ் வழிபாட்டுக் கூடத்தை அம்மா அப்பாவுக்கு அவசியம் காட்டுங்கள். அப்பகுதியில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் ஐரிஷ் மொழியில் மட்டுமே இருப்பதால் வரைபடத்தை முன்னதாகவே கைபேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கானர் கணவாய்ச் சாலையில் பெரிய வாகனங்களுக்குத் தடை உண்டு. மேகம் இறங்கியிருந்தால் சிறிய காரிலும் அங்கே போக வேண்டாம்.

மேலூர்ப் பெண், லிமரிக்:

டிங்கிளை நானும் ஏற்கிறேன். ஆனால் கெரியை அப்படியே ஒதுக்க மனம் இல்லை. வட்டத்தை முழுமையாகச் சுற்ற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. பூங்காவுக்கு வைத்திருக்கும் நாளில், கில்லார்னியிலிருந்து லேடீஸ் வியூ, மோல்ஸ் கேப் வழியாகக் கென்மேர் வரை சென்று திரும்புங்கள். ஏரிகளும் மலைகளும் சேர்ந்து தெரியும் மிக அழகான பகுதி அதுதான், காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் பேருந்துத் தொல்லையும் இராது. கானமாராவில் பாலினஹின்ச் மாளிகைப் பக்கம் ஒரு தேநீருக்காவது நிறுத்துங்கள். நம் கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி 1924இல் வாங்கிய இடம் அது; அப்பாவின் வருத்தத்துக்கு மருந்தாகும்.

எம்50இல் கேமரா உங்கள் வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்திலோ கடைகளிலோ நாம்தான் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். விமான நிலையத்திலிருந்து எம்50 வழியாகத் தெற்கே வந்தால் கட்டணம் உள்ள அந்தப் பகுதியைக் கடக்க நேரும். சில வாடகை நிறுவனங்கள் தாமே கட்டிவிட்டுப் பிறகு வசூலிப்பதால், இரண்டு முறை கட்டாமல் இருக்கச் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு கண்ணி உண்டு. மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போவதே தெரியாது. ஆனால் கிராமத்து உணவகங்களில் பெரும்பாலும் ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், சைவர்களுக்கு அங்கு கிடைப்பதும் சூப்பும் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். வீட்டில் காலையிலேயே சோறு வடித்துப் புளிச்சாதமாகக் கிளறிக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். அரிசியும் பருப்பும் தயிரும் கில்லார்னியின் பெரிய கடைகளிலேயே கிடைக்கும். பெட்ரோலை நாமே நிரப்ப வேண்டும். இங்கே பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். எந்த வண்டி என்பதை எரிபொருள் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பார்கள், முதல் தடவை அதைப் படித்துவிட்டே குழாயை எடுங்கள்.