பேத்தியின் சாஃப்ட்பால் ஆட்டத்தில் ஒரு விதி புரியவில்லை

சாட்ஸ்வொர்த் தாத்தா:
வணக்கம். டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்தே பழகிய எனக்கு, பேரப்பிள்ளைகள் ஆடும், பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை. சென்ற சனிக்கிழமை பேத்தி மூன்றாவது ஸ்டிரைக்கையும் (அடிக்கத் தவறிய வீச்சு; மூன்று சேர்ந்தால் அவுட் என்றார்கள்) தவறவிட்ட பிறகு, மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸை, அதாவது ஓடிச் சேரவேண்டிய முதல் முனையை, நோக்கி ஓடினாள். யாரும் அவளைத் திருப்பி அழைக்கவில்லை. அவுட் ஆனவள் எப்படி ஓடலாம்?

பீனிக்ஸ் வாசி:
ஐயா, அவள் அவுட் ஆகவில்லை. மூன்றாவது ஸ்டிரைக்கை, மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் தரையில் படாமல் பிடிக்க வேண்டும். பந்து நழுவினால், முதல் பேஸில் ஆள் இல்லாதபோதோ ஏற்கெனவே இருவர் அவுட் ஆகியிருக்கும்போதோ மட்டையாளர் ஓடலாம். அவள் பேஸை மிதிக்கும் முன் பந்து அங்கே போய்ச் சேர்ந்தாலோ, அவளைப் பந்தால் தொட்டாலோதான் அவுட். முதல் பேஸில் ஆள் இருக்கையிலும் ஓட விட்டால், அங்கிருப்பவரும் இடம்விட்டு அடுத்த பேஸுக்கு ஓடியாக வேண்டும்; கேட்சர் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டு ஒரே மூச்சில் இருவரை வீழ்த்திவிடுவார். அதற்காகவே இந்தக் கட்டுப்பாடு.

மாரிட்ஸ்பர்க் பாட்டி:
விளக்கம் சரி. ஆயினும் மிகச் சிறியவர்களின் போட்டிகள் சிலவற்றில் இவ்விதியை எடுத்துவிடுகிறார்கள் என்பதால், பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, அண்ணா: பெயரில்தான் மென்மை, பந்து நன்றாகவே கடினமானது. மட்டையில் உரசித் தெறிக்கும் பந்து பக்கவாட்டில் பாயும். ஆகையால் நாற்காலியைக் கம்பிவலைக்குப் பின்னால் போடுங்கள்.

சாட்ஸ்வொர்த் தாத்தா:
இருவருக்கும் நன்றி. நான் இதுவரை பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.