12 வயதுப் பையன்களை ஒரே நாள் ட்ரையல்ஸ் வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

காவிரிக்கரை_கோச்:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்கிறோம், நானும் இரண்டு நண்பர்களும். இப்போது ஊர்க்காரர் ஒருவர் ஷூ, பந்து, வெளியூர்ப் போட்டிக்கு வேன் வாடகை எல்லாம் தருகிறேன் என்று முன்வந்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரையல்ஸ் வைத்து இருபது பேரை எடுத்துவிடுங்கள், மற்றவர்களை அனுப்பிவிடுங்கள் என்கிறார். வருகிறவர்கள் அறுபது பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் 11, 12 வயது.

ட்ரையல்ஸ் வைத்தால் யார் தேறுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். சீக்கிரம் உயர்ந்துவிட்ட நாலைந்து பேர், ஓட்டத்தில் முதலில் வருகிறவர்கள், பந்தை ஓங்கி உதைக்கிறவர்கள். எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான், கூட்டத்திலேயே சின்ன உருவம், தோளில் ஒரு இடி வாங்கினால் விழுந்துவிடுவான், ஆனால் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அடுத்து யாருக்குத் தள்ள வேண்டும் என்று பார்த்து வைத்திருப்பான். ட்ரையல்ஸில் அவன் பெயரை யாரும் எழுதப் போவதில்லை. இந்த வயதில் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்?

இன்னொரு கேள்வி. ஒரு பையனின் அப்பா வெளியூர் அகாடமி ஒன்றில் சேர்க்கலாமா என்று கேட்கிறார். ஹாஸ்டலோடு வருஷத்துக்குப் பெரிய தொகை, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை கொண்டுபோவோம் என்கிறார்களாம். அவருக்கு என்ன சொல்வது?

மண்தரை_மிட்ஃபீல்டர்:

சார், அந்த ஒரு நாள் ட்ரையல்ஸைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். 12 வயதில் ஒரு நாளில் தெரிவது யார் உடம்பு முந்திக்கொண்டது என்பது மட்டும்தான். வயதுப் பிரிவை ஜனவரி 1 வைத்துக் கணக்கிடுகிறோம், அதனால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள், ஜனவரிக்காரன் ஏறக்குறைய ஒரு வருஷம் பெரியவன். ஐரோப்பிய அகாடமிகளில் வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்த பையன்கள் நிறைந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான், இதை எத்தனையோ ஆய்வுகள் காட்டிவிட்டன. இதற்கு மேல் உடம்பு வளரும் வேகம் வேறு. ஒரே மாதம் பிறந்த இரண்டு பையன்களுக்குள்கூட எலும்பு வளர்ச்சியில் சில வருஷ வித்தியாசம் இருக்கும்.

2017ல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பிஎஸ்வி ஐந்தோவன் கிளப்பின் ஸ்கவுட்களை, அதாவது திறமையானவர்களைத் தேடிப் பிடிப்பவர்களை, பையன்களின் ஆட்டத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தும் அவர்கள் மூத்த பையன்களைத்தான் மேலே வைத்தார்கள். ஆனால் ஜெர்சி எண்ணையே வயது வரிசையில் போட்டு, எந்த எண் சின்னவன் என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி செய்தபோது அந்தச் சாய்வு போய்விட்டது. இதை நீங்களும் செய்யலாம், செலவே இல்லை.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வரவேண்டும் என்று மே, ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிட்ட பிள்ளைகள் ஏராளம். சான்றிதழை மட்டும் நம்பாமல் அம்மாவிடம் கேளுங்கள், எந்தப் பண்டிகைக்கு முன், எந்த மழைக்குப் பின் என்று அவர் சரியாகச் சொல்லிவிடுவார். பெரிய அளவில் வயதுத் திருட்டைப் பிடிக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகளில் அது அவசியம்தான், ஆனால் இயல்பாகவே சீக்கிரம் வளர்ந்த நேர்மையான பையனும் சில சமயம் அதில் மாட்டிக்கொள்கிறான்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் நெடுநாளாக நான்கு விஷயம் பார்ப்பார்கள்: டெக்னிக், ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் அறிவு, குணம், வேகம். வேகத்தை நாம் எல்லோரும் பார்த்துவிடுகிறோம், நடுவில் இருக்கிற இரண்டைத்தான் விட்டுவிடுகிறோம். நான்குக்கு நான்கு என்று சின்ன ஆட்டம் வையுங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அணியைக் கலைத்துப் போடுங்கள். பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறானா, பந்தை இழந்த அடுத்த நொடி என்ன செய்கிறான், பலவீனமான அணியில் போட்டாலும் அவன் இருக்கும் பக்கம் ஆட்டம் சரியாகிறதா என்று பாருங்கள். ஒரு புது விஷயத்தைச் சொல்லிக்கொடுத்து மூன்று வாரம் கழித்து அது ஆட்டத்தில் வருகிறதா என்று பார்ப்பதைவிடப் பெரிய தேர்வு எதுவும் இல்லை.

உங்கள் சின்னப் பையனைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குரோஷிய நட்சத்திரம் மோட்ரிச்சை மிகவும் சின்ன உருவம் என்று அந்நாட்டு கிளப் ஹைடுக் ஸ்ப்ளிட் வேண்டாம் என்றது. பிரெஞ்சு வீரர் க்ரீஸ்மனைப் பிரான்ஸ் கிளப்புகள் உயரத்தைக் காட்டித் திருப்பி அனுப்பின, கடைசியில் ஸ்பெயினின் ரியல் சோசியடாட் எடுத்துக்கொண்டது. இவர்கள் தப்பித்துக்கொண்டார்கள், பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேரோ. பெல்ஜியம் இதை யோசித்து, தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனித் தேசிய அணி நடத்தியது. பெல்ஜியம் நட்சத்திரம் டி ப்ரூய்ன அந்த வழியாக வந்தவர்.

வியாசர்பாடி_விங்கர்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நம்மிடம் திறமையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, எங்கள் தெருவில் எந்தப் பையன் நன்றாக ஆடுவான் என்று டீக்கடைக்காரருக்கே தெரியும். 14 வயதுக்கு மேல் அவனைத் தக்கவைப்பதுதான் நடப்பதில்லை.

பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் ஷூவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடுவார்கள். தேர்வு முடிந்து திரும்பி வருகிறவன் பாதிப் பேர்கூட இல்லை. வந்தாலும் சனி ஞாயிறு கேட்டரிங் வேலை, கூரியர், பெயிண்டிங் என்று போய்விடுகிறான், வீட்டு நிலைமை அப்படி. ஒரு காலத்தில் ரயில்வேயிலும் வங்கியிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையே வடசென்னையில் எத்தனையோ பேரை 20 வயது வரை ஆட வைத்தது. சென்னை லீகில் இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), வருமான வரித்துறை அணிகளைப் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். அந்த வேலைகள் குறைந்ததும், ஆடி என்ன ஆகப்போகிறது என்று அப்பா கேட்டால் பையனிடம் பதில் இல்லை.

நந்தகுமார் சேகர் எங்கள் பக்கத்துப் பையன். 2023 டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த கோலைப் பார்த்து இங்கே தெருவே கத்தியது. கொல்கத்தாவின் இந்த இரண்டு பரம எதிரி அணிகள் மோதும் டெர்பியில் தொடர்ச்சியாக எட்டு முறை தோற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த ஒரு கோல் வெற்றி தந்தது. அப்போது அவருக்கு 27 வயது. தேசிய அணிக்குள்ளும் அவர் நன்றாகத் தாமதமாகத்தான் வந்தார். இடையில் எத்தனை வருஷம் சின்ன கிளப், பெரிய கிளப் என்று ஆடிக்கொண்டே இருந்தார் பாருங்கள், அந்த வருஷங்களைத் தாங்குவதற்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும்.

அதனால் அந்த ஊர்க்காரரிடம் நான் கேட்பது இதுதான். ஷூ, வேன் எல்லாம் சரி, பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் அங்கேயே ட்யூஷன், கூடவே முட்டையும் சுண்டலும் ஏற்பாடு செய்ய முடியுமா? வீட்டில் நிறுத்துவதற்கு அவர்கள் சொல்லும் முதல் காரணம் அதோடு போய்விடும்.

கடலூர்_டிஃபெண்டர்:

முதல் பதிவில் பிள்ளைகள் என்று தொடங்கிவிட்டுக் கடைசி வரை பையன்கள்தான். அறுபது பேரில் பெண்கள் எத்தனை பேர் அண்ணா? தமிழ்நாடு பெண்கள் அணி தேசிய சாம்பியன்ஷிப்பை 2018ல் மணிப்பூரை வென்றும், 2023ல் ஹரியானாவை வென்றும் வாங்கியிருக்கிறது. மதுரையின் சேது எஃப்சி 2019ல் இந்திய மகளிர் லீகை வென்றது. எங்கள் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் நடுக்களம் ஆடியவர், தமிழ்நாடு காவல் துறையில் இருக்கிறார். கடலூரில் இது வந்ததற்குக் காரணம் ட்ரையல்ஸ் இல்லை. தினமும் வந்து நின்ற பயிற்சியாளர், தங்க இடம், சாப்பாடு, கூடவே பள்ளிப் படிப்பு. சுனாமியில் வீடு இழந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 11, 12 வயதில் பெண்கள் பையன்களோடு சேர்ந்து தாராளமாக ஆடலாம், அந்த வயதில் பல பெண்கள் பையன்களைவிட முன்னதாகவே வளர்ந்தும் இருப்பார்கள். உடை மாற்ற ஒரு அறை, சாயங்காலம் வீட்டுக்குப் போக ஒரு துணை, இந்த இரண்டும் இருந்தால் அம்மாக்கள் அனுப்புவார்கள்.

காவிரிக்கரை_கோச்:

அக்கா, இப்போது நான்கு பெண்கள் வருகிறார்கள். அறை விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் இன்றே பேசுகிறேன். ட்யூஷன் யோசனையும் மிக நன்று. ஆனால் அறுபது பேரையும் வைத்துக்கொண்டால் பந்து பற்றாது, நாங்கள் மூன்று பேர்தான், அதை எப்படிச் சமாளிப்பது?

மண்தரை_மிட்ஃபீல்டர்:

இருபது பேர் கொண்ட மூன்று குழுவாகப் பிரித்து ஆளுக்கு ஒரு குழு, மைதானத்தைக் கோன் வைத்து வெட்டிச் சின்னச் சின்ன ஆட்டம். எட்டுப் பேருக்கு ஒரு பந்து போதும். பெரிய கோல் போஸ்ட் தேவையே இல்லை. பதினொருவர் ஆட்டத்தில் இந்த வயதுப் பிள்ளை முக்கால்வாசி நேரம் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், நால்வர் ஆட்டத்தில் அவன் ஒளிய முடியாது. போட்டிக்குப் போகும் இருபது பேரை ஒவ்வொரு டோர்னமென்டுக்கும் மாற்றுங்கள், வெளியே போகிறவன் பயிற்சியிலிருந்து போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 13, 14 வயதில் பையன் சட்டென்று உயரும்போது கால் அவன் பேச்சைக் கேட்காது, நேற்று வந்த டச் (பந்தைக் காலில் அடக்கும் பக்குவம்) இன்று வராது. குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வலி என்பான். நடிக்கிறான் என்று நினைத்து ஓட விடாதீர்கள், அது வளரும் எலும்பின் வலி. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறையுங்கள், தொடர்ந்து வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த ஆறேழு மாதத்தில் திறமை போய்விட்டது என்று கழித்துக்கட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது.

குமரிக்கரை_கோலி:

அகாடமி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அந்த அப்பாவிடம் சொல்லுங்கள்: ஐஎஸ்எல் வரை கொண்டுபோவோம் என்று 12 வயதுப் பையனுக்கு யாராலும் உறுதி தர முடியாது, அப்படிச் சொல்கிற இடத்திலிருந்து தள்ளி நிற்பது நல்லது. உண்மையிலேயே பையனை வேண்டும் என்று நினைக்கும் அகாடமி பணம் கேட்பதில்லை. நவி மும்பையின் ரிலையன்ஸ் யங் சாம்ப்ஸில் தேர்வானவர்களுக்கு முழு உதவித்தொகை, ஜாம்ஷெட்பூரின் டாடா அகாடமி 1987லிருந்து நடக்கிறது, நம் மாநிலத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. சிவசக்தி நாராயணன் காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூர்ப் பையன், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளி வழியாக பெங்களூரு எஃப்சிக்குப் போய் 2022-23 ஐஎஸ்எல்லில் வளரும் வீரர் விருது வாங்கினார்.

பணம் கட்டித்தான் சேர்ப்பேன் என்றால் சில கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். பயிற்சியாளருக்கு எந்த லைசென்ஸ், அகில இந்தியக் கூட்டமைப்பின் அகாடமி அங்கீகாரம் உண்டா, வருஷத்துக்கு எத்தனை போட்டி ஆட்டம் கிடைக்கும், எந்தப் பள்ளியில் படிப்பான், அடிபட்டால் யார் பார்ப்பார்கள். விளம்பரத்தில் படம் போட்ட வீரர் அங்கே எத்தனை வருஷம் இருந்தார் என்றும் கேட்கச் சொல்லுங்கள். எம்பாப்பே பயிற்சி பெற்ற, பிரான்ஸின் தேசியக் கால்பந்து அகாடமியான கிளார்ஃபோன்தேனில்கூட 13, 14 வயதுப் பையன்கள் வார நாட்களில் மட்டும் தங்குவார்கள், சனி ஞாயிறு வீட்டுக்குப் போய்ச் சொந்த கிளப்புக்குத்தான் ஆடுவார்கள். பிரான்ஸிலேயே அப்படி என்றால் நம் பையனை அவசரப்பட்டு முழுதாக வீட்டை விட்டுப் பிரிக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. உங்கள் குழுவை மாவட்டச் சங்கத்தில் பதிவு செய்து, பிள்ளைகளைக் கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவில் ஏற்றிவிடுங்கள். 12 வயதிலிருந்து எந்த கிளப்பில் பயிற்சி பெற்றான் என்பது பதிவில் இருந்தால், நாளை அவன் வெளிநாட்டு கிளப்புக்குப் பணத்துக்கு மாறும்போது ஃபிஃபா விதிப்படி அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். சங்கத்துக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அலைய வைப்பார்கள்.