.22 ரைபிள், 20 கேஜ் ஷாட்கன் கூட்டுத் துப்பாக்கி: சூடானதும் குறி மேலே ஏறுகிறது, ரவை கீழே விழுகிறது

மலையோரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். இலையுதிர் காலத்தில் இங்குள்ள ஓக், ஹிக்கரி காடுகளில் சாம்பல் அணிலும் முயலும் வேட்டையாடுவது வழக்கம். மேலே .22 எல்.ஆர். (0.22 அங்குலச் சிறு குண்டு) ரைபிள் குழலும் கீழே 20 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) ஷாட்கன் குழலும் அமைந்த, மடக்கித் திறக்கும் பழைய கூட்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதன்மேல் 4 மடங்குத் தொலைநோக்கியைச் சற்று உயரமான வளையங்களில் பொருத்தியுள்ளேன். சுடுகளத்தில் முதலில் ஷாட்கன் குழலில் வரிசையாகச் சில தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, பிறகு .22 குழலுக்கு வந்தால், 50 கஜத்தில் குண்டுகள் குறிக்கு மேலே இரண்டு, மூன்று அங்குலம் ஏறிவிடுகின்றன. மறுநாள் காலையில் எதையும் தொடாமல் சுட்டால் பழைய இடத்திலேயே படுகின்றன. அதே தொலைநோக்கியால் 25 கஜத்தில் ஷாட்கனைக் குறிவைத்தாலோ, ரவைக் கூட்டத்தின் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு உருண்டைகளின்) மையம் ஒரு சாண் கீழே விழுகிறது. துப்பாக்கியில் கோளாறா, அல்லது சுடும் முறையில் ஏதேனும் மாற்ற வேண்டுமா?

கானவன் எழுதியது:

வணக்கம் நண்பரே. முதலாவது கோளாறு அன்று. அந்த அமைப்பின் இயல்பு. இரு குழல்களும் வாய்முனையில் பிணைக்கப்பட்டிருப்பதால், கீழ்க்குழல் மட்டும் சூடாகி நீளும்போது, மேற்குழல் நீளாமல் அதை இழுத்துப் பிடிக்கிறது. அதனால் இரண்டும் சேர்ந்து மிக மெல்லிதாக மேல்நோக்கி வளைகின்றன. ஜெர்மானியரின் கூட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் ரைபிள் குழல் கீழே இருக்கும். அங்கே ரைபிளை அடுத்தடுத்துச் சுட்டாலே குண்டு மேலேறும். உங்களுடையதில் .22 அவ்வளவாகச் சூடு தராது, சூட்டைத் தருவது 20 கேஜ்தான். ஆகவே வரிசையைத் திருப்புங்கள்: குளிர்ந்த துப்பாக்கியில் .22 குழலை முதலில் சுட்டு, குறியைத் திருத்தி முடியுங்கள். ஷாட்கனைச் சோதித்த பின், குழலைக் கையால் தொட்டால் வெதுவெதுப்புக்கூடத் தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். காட்டில் அணிலுக்கு ஒரு வெடி, நெடுநேரம் கழித்து இன்னொரு வெடி என்றுதான் சுடுகிறோம். அங்கே நமக்கு வேண்டியது குளிர்ந்த குழலின் முதல் குண்டு படும் இடம் மட்டுமே.

இன்னொன்று: மணல்மூட்டையின் மீது குழலை வைத்துச் சுடாதீர்கள். இடக்கை பிடிக்கும் முன்கட்டைதான் மூட்டையில் படிய வேண்டும். குழலைத் தாங்கினால் அதுவே குறியை நகர்த்தும். முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மூடிய நிலையில் குழல்களை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கீல் தளர்ந்து தடதடத்தால் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

நரிக்காடு எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கு என் கருத்து. தொலைநோக்கி .22 குழலுக்கு ஒத்தமைக்கப்பட்டது. ரவை அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. .22 குழலைத் திருத்திய பிறகு தொலைநோக்கியின் குறி திருத்தும் குமிழ்களைத் தொடாமல், பெரிய காகிதத்தில் 25 கஜத்திலிருந்து ரவையைச் சுட்டு மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தோட்டாவை மாற்றுங்கள். ஒரே குழலில் 7/8 அவுன்ஸ் ரவை கொண்ட 6-ஆம் எண் (ரவையின் பருமனைக் குறிப்பது) தோட்டாவும், 1 அவுன்ஸ் தோட்டாவும் வெவ்வேறு இடங்களில் மையம் கொள்வதுண்டு. உங்களுக்கு எது குறியை நெருங்குகிறது என்பதைக் காகிதம்தான் சொல்லும். 7/8 அவுன்ஸில் 6-ஆம் எண் ரவை ஏறத்தாழ இருநூறு இருக்கும். அணிலுக்கு அதுவே தாராளம். குழலை வளைத்துத் திருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உயரமான வளையங்களை நான் விரும்புவதில்லை. கன்னம் கட்டையில் பதியாமல் தலையைத் தூக்கிப் பார்ப்பவருக்கு, ஓடும் முயலின்மீது ஷாட்கன் தானாக வந்து நிற்காது. தாழ்வான வளையமும், 2 மடங்கு அளவுள்ள சிறிய தொலைநோக்கியும் போதும். அல்லது வெறும் இரும்புக் குறியே இத்தகைய துப்பாக்கிக்குப் பொருத்தம்.

மலையோரன் எழுதியது:

மிக்க நன்றி. குளிர்ந்த நிலையில் .22 குண்டுகள் ஓரிடத்திலேயே படுகின்றன. ஆறவிட்டுச் சுட்டபோதும் மாறவில்லை. 1 அவுன்ஸ் தோட்டாவில் ரவையின் மையம் குறிக்குக் கீழே நான்கு விரற்கடை அளவுக்கு வந்துவிட்டது. தாழ்ந்த வளையங்களை இனிமேல்தான் வாங்க வேண்டும். காட்டில் எப்போது எந்தக் குழலைத் தேர்வது என்பதையும் சொல்ல முடியுமா?

கானவன் எழுதியது:

தூரத்தைக் காட்டிலும் அணிலுக்குப் பின்னால் இருப்பதையே முதலில் பாருங்கள். .22 குண்டு ஒரு மைலுக்கும் மேல் போகக்கூடியது. அணில் தடித்த அடிமரத்தோடு ஒட்டி அசையாமல் நின்றால் ரைபிள் சரி. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு உச்சிக்கிளையில் ஓடினால், குறி எவ்வளவு நன்றாகக் கிடைத்தாலும், ஷாட்கன்தான். சில நொடிகளில் எடுக்க வேண்டிய இந்த முடிவுக்காகவே இரண்டு குழல்களைச் சுமக்கிறோம். மிக அருகில் நிற்கும் அணிலை இறுக்கமான சோக் (ரவை பரவாமல் குவிக்க, குழல் வாயில் உள்ள குறுக்கம்) உள்ள குழலால் சுட்டால் இறைச்சி சிதைந்துவிடும். அப்போதும், பின்னணி அனுமதித்தால்,.22 குண்டைத் தலைக்கு வையுங்கள்.

எந்தக் குழல் வெடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் தேர்வுப்பொத்தானை, குதிரையை (வெடிமுள்ளை அடிக்கும் சுத்தியலை) இழுப்பதற்கு முன் விரலால் தொட்டு உறுதி செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் அது பக்கவாட்டிலும், பிற்காலத்தவற்றில் குதிரையின் மீதும் இருக்கும். குளிரில் கையுறையோடு அதைத் தள்ளும்போது பாதியில் நிற்க வாய்ப்புண்டு.

நரிக்காடு எழுதியது:

கானவன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தோட்டா இல்லாமல் .22 குழலில் குதிரையை அடித்து விளையாடாதீர்கள்; வெடிமுள் (தோட்டாவைத் தட்டி வெடிக்கச்செய்யும் ஊசி), தோட்டா அமரும் அறையின் விளிம்பில் பட்டுப் பள்ளம் விழுந்தால், பின்னர் தோட்டா நுழைய மறுக்கும், வெடிக்காமலும் போகும். வாத்து வேட்டைக்கும் இதை எடுத்துச் செல்ல எண்ணினால், அமெரிக்கா முழுவதும் 1991 முதல் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை தடைசெய்யப்பட்டுள்ளது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு மாற்றான எஃகு ரவையை, இறுக்கமான சோக் கொண்ட பழைய குழலில் சுடக் கூடாது.