6×6 செமீ ஃபிலிம் ஸ்லைடு, ப்ரொஜெக்டர்ல போட்ட பத்து நொடியில் ஃபோகஸ் போகுது. அவசரம்!

கோவை120: ஞாயிறு திரையிடணும். பழைய ரோலை (Rollei) கம்பெனி ப்ரொஜெக்டர். ஸ்லைடு விழுந்ததும் பளிச்னு இருக்கு, அப்புறம் நடுப்பகுதி மங்குது. திருகி நடுவைச் சரி பண்ணா ஓரம் போகுது. லென்ஸ் மாத்தணுமா?

வெண்திரை: எந்த மாடல்? மவுண்ட்ல (ஃபிலிமைப் பிடிக்கிற சட்டத்துல) கண்ணாடி இருக்கா? ஃபேன் ஓடுதா?

டார்ச்லைட்: லென்ஸ்ல பூஞ்சைதான். நம்ம ஊர் ஈரத்துக்கு வேற என்ன வரும்?

வெண்திரை: பூஞ்சைன்னா முதல் நொடியிலேயே மங்கும்.

சதுரச்சட்டம்: மாடலைச் சொல்லாம ஜோசியம் கேக்கறதே இங்க வழக்கமாப் போச்சு. ஃபிலிம் சூட்டில் வளையுது, அவ்வளவுதான். 56×56 மிமீ படம், 35 மிமீ படத்தைவிட மூன்றரை மடங்கு பரப்பு, பிடிப்போ ஓரத்தில் மட்டும். எமல்ஷன் (ஃபிலிம் மேல படம் பதியற அடுக்கு) ஈரம் போனதும் நடுப்பகுதி மறுபக்கம் புடைக்கும். இதெல்லாம் பாலபாடம்.

கோவை120: பி11. பிளாஸ்டிக் மவுண்ட், கண்ணாடி இல்ல. ஃபேன் சத்தம் கேக்குது. ஆமா, நாலு மூலையும் இருட்டா இருக்கு.

வெண்திரை: மூலை விஷயத்தை முதல்லயே சொல்லியிருக்கலாம்! பி11ல 35 மிமீயும் ஓட்டலாம். உள்ளே 35க்கான கண்டென்சர் (பல்பு ஒளியை ஸ்லைடு மேல குவிக்கிற லென்ஸ்) இருந்தா 6×6க்கு ஒளி மூலை வரை எட்டாது. பிளக்கைப் பிடுங்கி, நல்லா ஆறவிட்டுத் திறந்து பாருங்க. பல்பை விரலால தொடாதீங்க. பல்புக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல லேசாப் பச்சை ஓடின தட்டையான வெப்பத்தடுப்புக் கண்ணாடி இருக்கணும். இல்லேன்னா ஓட்டவே வேண்டாம். ஜன்னல் கண்ணாடி வெட்டிப் போட்டா அகச்சிவப்பு வெப்பம் தாராளமாத் தாண்டும், கண்ணாடியும் விரிசல் விடும். ஃபேன் சத்தம் போதாது, காத்து ஸ்லைடு மேல படுதான்னு பாருங்க.

வளைவுக்கு 7×7 செமீ கண்ணாடி மவுண்ட்தான் வழி.

டார்ச்லைட்: கண்ணாடி போட்டா நியூட்டன் வளையம் (ஃபிலிம் கண்ணாடியை ஒட்டற இடத்துல வர்ற வண்ண வளையம்) வரும், ஈரம் மாட்டிக்கிட்டுப் பூஞ்சையும் வரும். வளைபுல லென்ஸ் (வளைஞ்ச ஃபிலிமுக்கு ஏத்த மாதிரி ஃபோகஸ் ஆகறது) வாங்குங்க.

சதுரச்சட்டம்: வளைபுல லென்ஸ், ஃபிலிம் எப்பவும் ஒரே பக்கம் ஒரே அளவு வளைஞ்சாத்தான் உதவும். இங்கதான் பாதியில பக்கம் மாறுதே! வளையத்துக்கு, ஒரு பக்கம் லேசாச் சொரசொரப்பா இருக்கற ஆன்டி-நியூட்டன் கண்ணாடி இருக்கு. அந்தப் பக்கம் ஃபிலிமோட பளபளப்பான முதுகைப் பாக்கணும்.

டார்ச்லைட்: ஈரத்துக்குப் பதில் வரலையே?

வெண்திரை: ஃபிலிமையும் மவுண்டையும் சிலிக்கா ஜெல்லோட காத்துப் புகாத டப்பால ஒரு ராத்திரி வச்சு, ஏசி அறையில மாட்டுங்க. திரையில திட்டுத்திட்டா ஏதாவது நகர்ந்தா ஈரம் உள்ளே இருக்குன்னு அர்த்தம். கழட்டித் திரும்ப உலர்த்துங்க.

டார்ச்லைட்: மழைக்காலம் முடியட்டும், அப்புறம் பேசுவோம்.

சதுரச்சட்டம்: எந்த மழைக்காலம்? ஏசி அறைன்னுதானே எழுதியிருக்கார்.

கோவை120: கண்டென்சர் 35க்கானதுதான். கூட வந்த பெட்டியில் இன்னொண்ணு இருந்தது, மாத்தினதும் மூலை சரியாச்சு. கண்ணாடி மவுண்ட்ல ஃபோகஸ் நிக்குது. நன்றி.

வெண்திரை: வெப்பத்தடுப்புக் கண்ணாடி இருந்துச்சா?

வெண்திரை: கோவை120, பாத்தீங்களா? ஞாயிறு ஓட்டறதுக்கு முன்னாடி சொல்லுங்க.