உதவி: டாட்ஜ் சார்ஜர் மாடல், பெயின்ட் சுருங்கிவிட்டது, அவசரம்

அல்சூர் கார்த்தி
எல்லோருக்கும் வணக்கம். பரணில் கிடந்த, பாகங்களை ஒட்டிச் செய்யும் சிறு கார் மாடல் ஒன்றைத் திரும்ப எடுத்திருக்கிறேன். அமெரிக்காவின் 1968 டாட்ஜ் சார்ஜர். நேற்று பாடிக்குச் சிவப்பு அடித்தேன். டப்பாவைக் கீழே வைப்பதற்குள் கூரை முழுவதும் சுருக்கம் சுருக்கமாகக் கிளம்பிவிட்டது. இதை எப்படி எடுப்பது? தின்னரில் முக்கலாமா? வீட்டில் ஒரு பாட்டில் இருக்கிறது. நேரம் குறைவு, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மூர்த்தி
என்ன பெயின்ட்? என்ன தின்னர்? பிளாஸ்டிக் பாடியா, உலோக வார்ப்பா? அடியில் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உண்டா? எந்த அளவு மாடல்? ஒரு படமாவது போடுங்கள், தம்பி. இப்படி மொட்டையாகக் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கரோல்பாக் சேது
மற்றதெல்லாம் பிறகு. தின்னரைத் தொடாதீர்கள்! ஹார்டுவேர் கடையில் ‘தின்னர்’ என்று கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மாடல் கார் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். என்.சி. தின்னர் பெயின்ட்டோடு காரையும் கரைத்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் அப்படித்தான். நம்பாவிட்டால் பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள்.

அல்சூர் கார்த்தி
நல்லவேளை, இன்னும் திறக்கவில்லை. பிளாஸ்டிக்தான். பெட்டியின் ஒரு பக்கத்தை எலி தின்றுவிட்டது, அதனால் அளவு தெரியவில்லை. பெயின்ட் சாதாரண ஸ்பிரேதான். படம் இரவு போடுகிறேன்.

சிறுரகச் சிற்பி
எதைத் தேடினாலும் கிடைக்கும் காலத்தில் யாரும் தேடுவதில்லை. போகட்டும், இன்னொரு முறை சொல்லித் தொலைக்கிறேன்.

‘சாதாரண ஸ்பிரே’ என்று ஒரு பெயின்ட் உலகத்தில் கிடையாது. ஜே.சி. ரோட்டில் காரின் கீறலை மறைக்க விற்கும் டப்பா என்றால் பெரும்பாலும் லாக்கர் வகை, அதாவது கரைப்பான் பறந்ததும் காய்ந்துவிடுவது. லாக்கரில் இருக்கும் கரைப்பான் முரடு. அடியில் மெல்ல இறுகும் எனாமல் பெயின்ட் இருந்தால் அதற்குள் புகுந்து ஊறவைக்கும். ஊறிய படலம் விரியப் பார்க்கும். பக்கவாட்டில் இடமில்லாததால் மேலே எழும்பி மடியும். எனாமல்மேல் லாக்கர் கூடாது. லாக்கர்மேல் எனாமல் ஆகும். இது அரிச்சுவடி.

மருந்து பிரேக் ஆயில். டாட் 3 அல்லது டாட் 4 தரம். டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிகோன், பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. மூடி போட்ட டப்பாவில் முக்கி வையுங்கள். ஓரிரு நாளில் உரியும். இத்துடன் இந்தக் கேள்வி முடிந்தது.

ஜெயநகர் உமா
அடியில் எனாமல் இருப்பதாக அவர் சொல்லவே இல்லையே! என் கணக்கில் இது மழையின் வேலை. பெங்களூரில் ஒரு வாரமாக விடாமல் தூறிக்கொண்டிருக்கிறது. இந்த ஈரத்தில் பால்கனியில் நின்று ஸ்பிரே அடித்தால் எந்தப் பெயின்ட்டும் உருப்படாது.

மாட்டுங்கா மூர்த்தி
பெங்களூரில் ஈரமா! கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு ஈரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஜூலை மாதம் மும்பை மாட்டுங்காவுக்கு வாருங்கள், அம்மா. பீரோவுக்குள் இருக்கும் செருப்பில் பூஞ்சை பூக்கும். அந்த மாதத்திலும் நான் கார் அடித்திருக்கிறேன்.

சிறுரகச் சிற்பி
ஈரம் வேறு, சுருக்கம் வேறு. ஸ்பிரேயின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அங்கே நீராகப் படிந்து பெயின்ட் வெளுக்கும். பால் கலந்ததுபோன்ற மங்கல் வரும். சுருக்கம் வராது. உமா அவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்.

ஜெயநகர் உமா
நான் குழப்பவில்லை. மழை நாளில் முதல் பூச்சு காயத் தாமதமாகும். காய்ந்துவிட்டதென்று நினைத்து இரண்டாவது பூச்சு அடித்தால் சுருங்காதா? சிற்பி ஐயாவுக்குப் பதில் தெரிந்திருக்கும், ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வராது.

கரோல்பாக் சேது
ஈரத்தை விடுங்கள், குளிர் அதைவிட மோசம். டெல்லியில் ஜனவரியில் அடித்த எனாமல் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். டப்பாவில் அழுத்தமும் குறைந்து பெயின்ட் பூவாகத் தெறிக்காமல் துளித்துளியாக விழும். அடிப்பதற்கு முன் டப்பாவை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகும். வெந்நீரிலோ அடுப்பிலோ வைத்தால் வெடிக்கும்.

மாட்டுங்கா மூர்த்தி
இங்கே டெல்லிக் குளிரைப் பற்றி யார் கேட்டார்கள்?

கரோல்பாக் சேது
மாட்டுங்கா பூஞ்சையைப் பற்றி யார் கேட்டார்களோ அவர்கள்தான்.

செம்பூர் விஜயா
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. (வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், மாடல் வேலை பழக்கம் மட்டும் இன்னும் ஓயவில்லை.) கார்த்தி, நேற்று நீங்கள் அடித்த சிவப்புக்கு அடியில் என்ன இருக்கிறது? வெறும் பிளாஸ்டிக்மேல் லாக்கர் அடித்தால் பிளாஸ்டிக் சற்று அரிக்கும், நுண்ணிய வெடிப்பு வரும், இப்படி மடிப்பு மடிப்பாக எழும்பாது. நிச்சயம் அங்கே ஏதோ ஒரு பழைய பூச்சு இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. சிவப்பு படாத உட்புறத்தில், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சைச் சற்று நேரம் அழுத்தித் தேயுங்கள். எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும். நிறம் பஞ்சில் தாராளமாக வந்தால் அக்ரிலிக். அசைந்தே கொடுக்காவிட்டால் நன்றாக இறுகிய எனாமலாக இருக்க வாய்ப்பு அதிகம். அது தெரியாமல் எதிலும் முக்க வேண்டாம்.

அல்சூர் கார்த்தி
பஞ்சில் ஒன்றுமே வரவில்லை, அம்மா. அடியில் நீலம் இருக்கிறது. அது நான் அடித்தது அல்ல, சித்தப்பா பிரஷ்ஷால் அடித்தது. கல்போலக் காய்ந்துதான் இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை. என்ன பெயின்ட் என்று இப்போது சித்தியிடம் போனில் கேட்டேன். சைன்போர்டு எழுத வாங்கி வைத்திருந்த எனாமலாம்.

மாட்டுங்கா மூர்த்தி
சைன்போர்டு எனாமலா! தம்பி, முதல் வரியில் எழுத வேண்டிய விஷயத்தை இத்தனை பேர் அடித்துக்கொண்ட பிறகு சொல்கிறீர்களே!

சிறுரகச் சிற்பி
நான் முதலிலேயே சொன்னேன். மேலே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

ஜெயநகர் உமா
பிரஷ்ஷால் அடித்ததென்றால் தடிமனாக வேறு இருக்கும். கதவுக் கோடுகள் எல்லாம் ரொம்பியிருக்குமே? ஆமாம், சித்தப்பாவையே நேராகக் கேட்டிருக்கலாமே!

அல்சூர் கார்த்தி
கதவுக் கோடு இருப்பதே தெரியவில்லை. சித்தப்பாவிடம் கேட்க முடியாது. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் இதை முடித்து, கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கொடுக்கப் பார்க்கிறேன். வேலை மாற்றலில் போனபோது அவர் பாதியில் விட்டுப்போன கார் இது.

இன்னொன்று. ஒரு டயர் பக்கவாட்டு ஜன்னலின் பிளாஸ்டிக் கண்ணாடிமேல் விழுந்து கிடந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் டயரின் வரிகள் அச்செடுத்ததுபோல் கண்ணாடியில் பதிந்து, ஓரம் உருகியிருக்கிறது. பரணில் சூடு அதிகமா?

கரோல்பாக் சேது
சூடு காரணமில்லை. அந்த டயர் மெத்து வைனல். அதை மெத்தென்று வைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கும். பழைய கிட்டுகளில் இது சர்வசாதாரணம். சக்கர வளையத்தையும் பாருங்கள், டயர் மாட்டியே இருந்திருந்தால் அங்கேயும் தின்றிருக்கும். இனி டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். மாட்டும்போது வளையத்துக்கும் டயருக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாள் சுற்றினால் நல்லது.

அளவு தெரியவில்லை என்றீர்களே. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து சொல்லுங்கள். அசல் சார்ஜரில் அது 117 அங்குலம், அதாவது 2,972 மி.மீ. உங்களுக்கு 119 மி.மீ. வந்தால் 1/25, அதாவது அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 124 வந்தால் 1/24. மாற்று டயரோ டிகாலோ (மாடல்மேல் ஒட்டும் அச்சுப் படம்) வாங்குவதற்கு இது தெரிய வேண்டும்.

அல்சூர் கார்த்தி
119.

மாட்டுங்கா மூர்த்தி
1/25. சரி, அது 1968தானா? பின்புறம் நான்கு வட்ட விளக்குகள் இருந்தால் 68. நீளவாக்கில் பட்டையாக இருந்தால் 69. அந்த வருடம் முன் கிரில்லையும் நடுவில் பிரித்துவிட்டார்கள்.

சிறுரகச் சிற்பி
ஆர்/டி என்ற வேக வகையா என்பதையும் கேட்க வேண்டும். 68 ஆர்/டியில் 440 கன அங்குல மேக்னம் எஞ்சின், 375 குதிரைத்திறன். கூடுதல் பணம் கட்டினால் 426 ஹெமி, 425 குதிரைத்திறன். ஹெமி என்றால் எஞ்சின் ஆரஞ்சு நிறம். அதைக்கூடக் கவனிக்காமல் கறுப்படித்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெயநகர் உமா
பானெட்டை மூடினால் எஞ்சின் தெரியவே தெரியாது. இப்போதைக்கு அந்தப் பையனின் கூரையைக் கவனிப்போமா?

செம்பூர் விஜயா
அடியில் எனாமல் என்று தெரிந்துவிட்டது. கடைகளில் விற்கும் சைன்போர்டு எனாமல் எண்ணெய் சார்ந்த அல்கைட் பிசின். கரைப்பான் பறந்ததும் அது காய்ந்துவிடுவதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல மேலே முதலில் தோல் கட்டும், உள்ளே நெடுநாள் இளசாக இருக்கும். சித்தப்பா தடிமனாக அடித்திருக்கிறார் என்பதால் உங்கள் நகத்துக்குக் கல்லாகத் தெரிந்தது லாக்கருக்குக் கல்லாக இல்லை.

எண்ணெய் சார்ந்தது என்பதால் காரத்துக்கு அது தாங்காது. எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பு ஆகிற அதே வினை. எனவே பிரேக் ஆயில் வேண்டாம், காஸ்டிக் சோடா போதும். பாலிஸ்டைரீனை அது ஒன்றும் செய்யாது. ஆனால் கையையும் கண்ணையும் செய்யும். ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஐம்பது கிராம் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சோடாமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி மட்டும். அலுமினியப் பாத்திரத்தை அது தின்னும், ஹைட்ரஜன் வேறு கிளம்பும்.

முக்குவதற்கு முன் சிவப்பை உப்புத்தாளால் அங்கங்கே கீறிவிடுங்கள். அப்போதுதான் காரம் லாக்கரைத் தாண்டி உள்ளே போகும். ஓர் இரவு ஊறட்டும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ். குரோம் பாகங்களையும் கண்ணாடிப் பாகங்களையும் இதில் போடாதீர்கள். குரோம் என்று நாம் சொல்வது வெற்றிடத்தில் பூசிய அலுமினியப் படலம், நிமிடங்களில் காணாமல் போகும்.

சிறுரகச் சிற்பி
பிரேக் ஆயிலில் ஊறவைத்த கார்கள் என் அலமாரியில் இன்னும் நிற்கின்றன. புதுசு புதுசாக ஏன் சொல்ல வேண்டும்?

கரோல்பாக் சேது
நிற்கும். என்னுடையதில் முன் கண்ணாடித் தூண் இரண்டும் அப்பளம்போல நொறுங்கின. பிரேக் ஆயில் பிளாஸ்டிக்கை மொரமொரப்பாக்கும் என்பது என் அனுபவம்.

சிறுரகச் சிற்பி
பழைய பிளாஸ்டிக், மெல்லிய தூண், முரட்டுக் கை. பழி பிரேக் ஆயிலுக்கு.

ஜெயநகர் உமா
ஊறவைத்த ஆயிலைக் கடைசியில் எங்கே கொட்டினீர்கள் என்பதையும் சிற்பி ஐயா சொன்னால் தேவலாம். எங்கள் ஊர் ஏரிகள் ஏற்கெனவே நுரை கக்கிக்கொண்டிருக்கின்றன.

கார்த்தி, வேறொன்று. சித்தப்பா கையால் அடித்த நீலத்தை முழுக்க வழித்துவிட்டா அவருக்கே பரிசு கொடுக்கப் போகிறீர்கள்? பானெட்டின் உட்புறத்தையாவது விட்டுவையுங்கள். திறந்து பார்ப்பார்.

மாட்டுங்கா மூர்த்தி
இது நல்ல யோசனை. பின்புறப் பட்டை டிகால் மஞ்சளாகியிருந்தால், தாளோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு, வெயில் படும் ஜன்னலில் டேப்பால் ஒட்டுங்கள். சில வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். பெங்களூரில் வெயில் வந்தால்.

ஜெயநகர் உமா
வரும். மாட்டுங்காவைவிடச் சீக்கிரம் வரும்.

அல்சூர் கார்த்தி
சோடா வேலை செய்தது. காலையில் சிவப்பும் நீலமும் சேர்ந்து தோல் தோலாக உரிந்து வந்தன. கதவுக் கோட்டில் சிக்கியதைப் பல் குத்தும் குச்சியால் எடுத்தேன். அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் புதுசாக இருக்கிறது. பானெட்டை முக்கவில்லை. சித்தி மறுபடியும் நீலமே அடிக்கச் சொல்கிறார். கண்ணாடிதான் பாக்கி. விஜயா அம்மாவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

கரோல்பாக் சேது
டயர் வரி ஆழமாக இல்லாவிட்டால் 1000, 1500, 2000 என்று தண்ணீர் உப்புத்தாள் போட்டு இழைத்து, கார் பாலிஷ் கொடுங்கள். ஆழமாக இருந்தால் மெனக்கெட வேண்டாம். பக்கவாட்டுக் கண்ணாடி தட்டையானதுதானே, பழைய ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்) வெட்டி ஒட்டிவிடலாம். நொடியில் ஒட்டும் பசை போடாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். வெள்ளைப் பசையே போதும்.

சிறுரகச் சிற்பி
பிரைமர் எது? நீலம் இந்த முறை எனாமலா, லாக்கரா? அடிப்பதற்கு முன் இங்கே சொல்லுங்கள்.

சிறுரகச் சிற்பி
கார்த்தி?

ஜெயநகர் உமா
விடுங்கள் ஐயா. அறுபதாம் கல்யாணமே முடிந்திருக்கும்.