வயலூர் மணல்மேட்டில் ஊதாப்பூப் பயற்றுக்கொடி: நரிப்பயறா, வேறா?

பாலாற்றங்கரை (வேலூர்):
பாலாறு கடலில் கலக்கும் வயலூர்ப் பக்கம், மணல்மேட்டில் ஒரு பயற்றுக்கொடி நீளமாக ஓடிக் கிடக்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை, நல்ல தடிப்பு, நுனி வட்டம். பூ இளஞ்சிவப்பு கலந்த ஊதா. புதர் கிடைத்த இடத்தில் சுற்றி ஏறுகிறது. நம்ம விரிஞ்சிபுரம் ஆற்று மணலில் படரும் நரிப்பயறுதான் உப்புக்காற்றில் இப்படி ஆகிவிட்டதா?

கொடிக்கால்:
நரிப்பயறு இல்லைங்க. அதன் பூ சின்னது, மஞ்சள். இலை பெரும்பாலும் மூன்று மடலாக வெட்டுப்பட்டிருக்கும், காய் மெலிந்து 5 செ.மீ.க்குள் நின்றுவிடும். உப்புக்காற்று இலையைத் தடிக்க வைக்கலாம், மஞ்சள் பூவை ஊதாவாக்காது.

நீங்கள் சொல்வது கடற்கரை வாளவரை, அறிவியல் பெயர் கானவேலியா ரோசியா. பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். பயற்றுப் பூவில் மேலே விரிந்து நிற்க வேண்டிய பெரிய இதழ் இதில் கீழ்ப்பக்கம் இருக்கும். பூவே தலைகீழாகத் திரும்பியிருக்கும். காய் 10 முதல் 15 செ.மீ., தட்டையாகத் தடித்தது. மேல் விளிம்பை ஒட்டி இரு பக்கமும் வரப்புபோல ஒரு மேடு ஓடும்.

நெய்தல்:
ஒரு எச்சரிக்கை. இதற்கு நெருங்கிய உறவான கானவேலியா கதார்ட்டிகா என்ற கொடியும் கடலோரத்தில் வரும், பூவும் ஊதாதான். அதன் இலை மெல்லியது, நுனி கூர்மை, காய் உப்பலாக இருக்கும். கொடியின் நுனித் தளிரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுக்கொடியில் முற்றிய இலையைப் பாருங்கள். பூ மஞ்சளாக இருந்தால் அது விக்னா மரினா என்ற வேறொரு கடற்கரைப் பயற்றுக்கொடி. பூக்காத கொடியை அடப்பங்கொடி என்று நினைப்பவர்களும் உண்டு. அதற்கு ஒற்றை இலை, நுனி பிளந்தது, கிள்ளினால் பால் வரும்.

பாலாற்றங்கரை:
நன்றிங்க. உறுதிப்படுத்த என்னென்ன எடுக்கணும்?

கொடிக்கால்:
கொடியைப் பிடுங்க வேண்டாம், மணலைக் கட்டி வைத்திருப்பது அதுதான். ஒரு கணுவோடு இலை, ஒரு பூங்கொத்து போதும். காய் இருந்தால் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பூவின் நிறத்தை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், காய்ந்தால் மங்கிவிடும். செய்தித்தாளில் அழுத்தி வைத்தால் முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றணும். தடித்த இலை ஈரத்தை விடாது, கறுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

வீட்டு வாளவரைக்கு உறவு என்று விதையைப் பச்சையாக வாயில் போட்டுவிடாதீர்கள். கானவனின் என்ற நச்சு அமினோ அமிலம் அதில் இருக்கிறது.